ஜீரோ பாத்துக்கோங்க

சட்டையில் குத்தியிருக்கும் பெயர் என்னுடையதல்ல.
போன மாசம் வேலையை விட்டு நின்ற சுகந்தியுடையது.
எனக்கான அட்டை தருமபுரியிலிருந்து வரும் என்கிறார் மேனேஜர்.
பாலக்கோடு ரோட்டில், புளியமரங்களை வெட்டி அகலப்படுத்திய இடத்தில்
எங்கள் பங்க்.
ஒரு நாளைக்கு முந்நூறு தடவை சொல்கிறேன்,
ஜீரோ பாத்துக்கோங்க.
யாரும் பார்ப்பதில்லை.

தீர்த்தகிரி ஐம்பது ரூபாய்க்காரன்.
ஓசூர்க் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து வந்தபோது
வண்டியில் ஒரு ஸ்டிக்கரும் கிடையாது.
தை மாசம் டேங்கில் ஒரு வாள் ஏறியது.
மாசியில் மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு.
பங்குனியில் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு
நாம என்று பேச ஆரம்பித்தான்.
நாம பொறுத்தது போதும். நாம யாருன்னு காட்டணும்.
ஐம்பது ரூபாய் வண்டியில்
அத்தனை பேர் எப்படி ஏறினார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

யோசித்ததோடு சரி.
அந்தக் குரல்பதிவு எனக்கும் வந்தது.
பேனரைக் கிழித்துவிட்டார்கள், காலனிப் பசங்கதான் என்று
அழுகிற மாதிரி ஒரு ஆண்குரல்.
அன்றைக்கு அடித்த காற்றில்
எங்கள் பங்க் தகரமே ரெண்டு பறந்தது.
தெரிந்தும்
நாலு பேருக்கு அனுப்பினேன்.
எல்லாரும் அனுப்பினார்கள்.

வெள்ளைக் காரில் ஒரு அண்ணன் வருவார்.
டீசல், ஃபுல் டேங்க், கார்டு.
"பசங்க சூடா இருக்காங்கம்மா" என்பார்
டீயைப் பற்றிச் சொல்வது போல.
அவர் பையன் கோவையில் படிக்கிறான்.
லீவுக்கும் ஊர்ப்பக்கம் விடுவதில்லை.

சித்திரை, செவ்வாய், இரவு ஒன்பதரை.
மூன்று வண்டி, நாலு பேர், இரண்டு வெள்ளைக் கேன்.
பவர் ஸ்பிரேயருக்கு, தக்காளிக்கு மருந்தடிக்கணும் என்றான் கிரி.
கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்த வாரமே
அவன் வீட்டுத் தோட்டத்தைப் பிடுங்கி
மாட்டுக்குப் போட்டதை ஊரே பார்த்தது.
இனி எந்தச் செடிக்கு மருந்து?

வீரம் என்று எதுவும் வரவில்லை எனக்கு.
மூத்திரம்தான் வந்தது.
மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு
உள்ளே போய் மெயினை இறக்கினேன்.
இருட்டில் கழிப்பறைச் சுவரைப் பிடித்தபடி
நூறுக்கு அடித்தேன்.
யார் பேசறது என்றார்கள்.
போன் வெளிச்சத்தில்
நெஞ்சிலிருந்த பெயரைப் படித்தேன்.

வெளியே வந்தபோது
இரண்டு வண்டி மாரண்டஹள்ளிப் பக்கம் போய்விட்டிருந்தன, கேனோடு.
கிரி மட்டும் காற்றடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தான்.
தெருவைக் கொளுத்தக் கிளம்பியவன் வண்டியில்
சொட்டு பெட்ரோல் இல்லை.

தண்ணி கேட்டான். கொடுத்தேன்.
புத்தி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது.
ரொம்ப நேரம் கழித்து அவனாக,
"ஓசூர்ல மஞ்சக்காமாலை வந்தப்ப
ரூம்ல கூட இருந்து கஞ்சி வெச்சுக் குடுத்தவன்
அந்தத் தெருதான்க்கா. கடைசி வீடு."
அக்கா திரும்ப வந்திருந்தது.
நம்பர் இருக்கா என்றேன்.
போனை எடுத்தான்.
கூப்பிட்டானா தெரியாது,
நான் மெயினைப் போடப் போய்விட்டேன்.

வளைவில் ஜீப் நின்றதாம்,
கேனை ஏரியில் வீசிவிட்டு ஓடினார்களாம்.
இல்லை, அடுத்த பங்க்கிலும் கொடுக்கவில்லை என்றும் சொல்கிறார்கள்.
எனக்கு அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.
மறுநாள் பேப்பரை ரெண்டு தடவை புரட்டினேன்.
மாங்கூழ் விலை, ஒகேனக்கல் நீர்வரத்து, யானை.
எரியாத தெருவுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது.
அந்த நாலு பேருக்கு என்ன எழுதுவது என்று
தட்டுகிறேன், அழிக்கிறேன்.

வெள்ளைக் கார் வெள்ளிக்கிழமை வந்தது.
ஃபுல் டேங்க்.

சனிக்கிழமை கிரி. ஐம்பது ரூபாய்.
வாள் இருக்கிறது, ஒரு முனை மட்டும் உரிந்து.
நகமா வெயிலா,
கேட்கவில்லை.
குழாயை டேங்கில் வைத்துவிட்டு
ஜீரோ பாத்துக்கோ என்றேன்.
குனிந்து
பார்த்தான்.