வேற என்ன போடுறனீங்கள்?

குருநகர் ஐஸ் ஃபக்டரியில கணக்கு எழுதுறவள் நான்.
ஐம்பது கிலோ எண்டு வெளிக்கிடுற கட்டி
வள்ளத்துக்குப் போய்ச் சேரேக்க நாற்பத்தாறு.
அந்த நாலுக்கும் கொப்பியில ஒரு நிரல் வைச்சிருக்கிறன்:
உருகல்.

சித்திரையில என்ர றிப்போட் வந்தது.
ஈஸ்ரஜன் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
பஸ் நிலையத்தில நிண்டே மூண்டு தரம் வாசிச்சன்.
ரெண்டு வருசமா
சுவரில எறும்பு மாதிரி ஊர்ந்த எண்
ஒரேயடியாப் பாய்ஞ்சிருந்தது.
அண்டைக்கே கஸ்தூரியார் வீதியில
கல்லு வைச்ச தோடு ஒரு சோடி வாங்கினன்.
விலை கூட அடிச்சுக் கேக்கேல்லை.

டொக்டர் சந்தோசப்படேல்லை.
கொப்பியைப் பாத்தார், என்னைப் பாத்தார்.
"களவாக் கூடப் போடுறீரோ?"
இல்லை எண்டன்.
இல்லை எண்டு எத்தினை பேர் சொல்லிக் கேட்ட முகம் அது.
"திரும்ப ஒருக்கா ரத்தம் குடும்.
பிறகு குளிசையைப் பாதியாக்குவம்."

பாதி.
பாதிக்குத் திரும்பிப் போற ஒழுங்கை எனக்குத் தெரியும்.
அதில மீசை முளைக்கும்.

ரத்தம் எடுக்கிற நிரோஜினிதான் கேட்டவ,
ஊசி கையில,
எனக்கு முன்னால இருந்த சுருட்டுக்காரரைக் கேட்ட
அதே குரலில:
"வேற என்ன போடுறனீங்கள்?
விட்டமின், சத்துக் குளிசை, ஏதும்?"

ஏதுமோ?
லாச்சப்பலில இருந்து அக்கா அனுப்பினதெல்லாம்
என்ர அலுமாரியில ஒரு தட்டு.

ஊசியை மூடி வைச்சிட்டா.
"எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டு வாங்கோ."

மீன் வாங்கிற பையில கொண்டுபோனன்.
முதல் வெளியில வந்தது பயோட்டின்,
முடி கொட்டாமலிருக்க, பத்தாயிரம் எண்டு போட்டது.
சிரிச்சா.
"இவர்தான் கள்ளன்.
முடிக்கு என்ன செய்வாரோ தெரியாது,
எங்கட மெசினுக்குக் கண்கட்டு வித்தை காட்டுவார்.
ஒரு கிழமை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ.
டொக்டருக்கு நான் எழுதி விடுறன்."

கல்சியமும் இரும்பும் ஒரே வாயில வேண்டாமாம்,
ஒண்டை மற்றது உள்ள விடாது.
விட்டமின் டி மூண்டு போத்தலில இருந்தது,
பேர் மாத்திப் பேர் மாத்தி.
ஒண்டு போதும் எண்டா.

உப்புக்குப் பதிலான உப்பு, ஒரு டப்பா.
பின்பக்கத்தைப் படிச்சுச் சிரிப்பை நிப்பாட்டினா.
"ஸ்பைரோனொலக்ரோன் போடுறனீங்கள் எல்லோ?
இது முழுக்கப் பொட்டாசியம்.
ஏறினால் நெஞ்சு தாளம் தப்பும்."
அதைத் தன்ர பக்கம் இழுத்து வைச்சிட்டா,
திருப்பித் தரவேயில்லை.

கடைசியா மஞ்சள் பூப் படம் போட்ட போத்தல்,
மனச்சோர்வுக்காம்.
மூடி திறக்காதது.
"நல்லதாப் போச்சு. இந்தப் பூ
உங்கட ஹோர்மோனைக் கெதியா வெளியில துரத்தும்.
மனம் சரியில்லை எண்டால் டொக்டரிட்டச் சொல்லுங்கோ."
பிறகு, போத்தலைப் பாக்காமல்,
"மனம் சரியில்லையோ?"

வெளியில ஆரோ இலக்கம் கூப்பிட்டினம்.
என்ர இல்லை.
இருந்தும் எழும்பினன்.

ஏழு நாள்.
சீப்பில வந்த முடியை எண்ணினன், எண்ணாமல் விட்டன்.
எட்டாம் நாள் ரத்தம்.
நூற்றியெண்பத்திநாலு.

குறைவுதான். ஆனா அது என்ர.
தொள்ளாயிரத்தில எழுநூறுக்கு மேல
உருகல் நிரலுக்குப் போற சாமான்,
தோடு வாங்கின அண்டைக்கு அது எனக்குத் தெரியாது.
டொக்டர் "பாதி" எண்டதைப் பேனையால வெட்டினார்,
மன்னிப்பெண்டு ஒண்டும் சொல்லேல்லை.
"இனி எல்லாத்தையும் சொல்லும்" எண்டார்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பன், எண்டு
சைக்கிள் பூட்டைத் திறக்கேக்கதான் வாய் வந்தது.

தோடு இன்னும் காதிலதான்.
பொய் எண்ணுக்கு வாங்கினது,
கல்லில ஒரு குறையும் இல்லை.

கிளினிக் கொப்பியின்ர முன்மட்டையில
இப்பவும் பழைய பேர்.
கடைசிப் பக்கத்தில நான் அடிமட்டம் வைச்சுக் கோடு போட்டு
எது, எவ்வளவு, காலமையோ இரவோ,
எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்.
கோட்டுக்கு மேல, கொஞ்சம் பெரிய எழுத்தில:
யசிந்தா போடுற குளிசையள்.