மூலைக்கு மூலை

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஃபார்கோ.
வில்லாபுரத்தில் தகரக் கூரைக்குக் கீழே
முன்னால் முகம், பின்னால் வெறும் எலும்பு.

எட்டுப் பலகை, மருது.
கீழவாசல் கடையில் தட்டித் தட்டி நானே எடுத்தவை.
ஒன்று மட்டும் சொத்தென்றது.
மாற்றிக் கேட்டேன்.
"கதவாம்மா, கட்டிலா?" என்றார் கடைக்காரர்.
வண்டி என்றேன்.
பில்லில் கட்டில் என்றே எழுதினார்.

ஜெயினுலாபுதீன் பலகைகளைக் கிடத்தினான்,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு ரூபாய்க் காசு நுழையும் சந்து விட்டு.
"மழைக்கு மரம் ஊதும்க்கா.
இடம் விடலேன்னா ஒண்ணை ஒண்ணு நெம்பிரும்."
சந்தை மூட இரும்புப் பட்டை,
பட்டையில் சதுரத் துளை,
துளைக்குள் போல்ட்டின் சதுரக் கழுத்து.
உட்கார்ந்துவிட்டால்
கீழிருந்து எவ்வளவு முடுக்கினாலும் திரும்பாது.
திரும்பிப் பார்க்காத ஒன்றை
முதல்முறையாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

எண்பது போல்ட்டில் ஒன்று குறைந்தது.
எண்ணெய் டப்பாவில், மரத்தூளில்,
டீ கிளாஸுக்கு அடியில், நாயைக்கூட எழுப்பிவிட்டு.
கடைசியில் என் கைப்பையில் இருந்தது,
ஆஸ்பத்திரி அடையாள அட்டையோடு.

தொட்டியைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும்.
நாங்கள் மூன்று பேர்.
தண்ணீர் கேன் போடும் இரட்டையர் வந்தார்கள்.
சலூனிலிருந்து முத்துவிஜயன் வந்தான்,
அவன் பின்னாலேயே
பாதி மழித்த முகத்தோடு ஒருவர், கழுத்தில் துண்டு.
எட்டாவது ஆள் ஒச்சுக்காளை.
யாரென்று யாருக்கும் தெரியாது.
கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு
ஒரு முகவரி கேட்க நின்றவன்.
கட்டைத் தரையில் வைக்க மனசில்லாமல்
தொட்டிக்குள் பலகைமேல் வைத்துவிட்டுக்
கை கொடுத்தான்.

தூக்கினோம். நடந்தோம். இறக்கினோம்.
"அங்கிட்டு ஒரு இணுக்கு. இல்ல, இங்கிட்டு."
ஏழு துளையில் வெளிச்சம் தெரிந்தது.
வலது பின்மூலையில் இருட்டு.

டேப்பைப் பிடித்தோம், மூலைக்கு மூலை.
தொட்டி இரண்டு பக்கமும் ஒரே அளவு.
சேஸ் அரை அங்குலம் பொய் சொன்னது.
என்றைக்கோ, எங்கேயோ
யாரோ இதை எதிலோ மோதியிருக்கிறார்கள்.
விற்ற ஒருவரும்
அந்த ராத்திரியைச் சேர்த்து விற்கவில்லை.

கடப்பாரை போட்டு நெம்பியபோது வழுக்கியது.
ஒச்சுக்காளையின் கட்டைவிரல்.
அவன் கத்தவில்லை,
"யாத்தே" என்று மட்டும், மரியாதையாக.

வாசலில் நிற்பது வண்டிதான்.
ஆனால் எஞ்சின் போரிங்குக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறது.
ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
லீவு நாளில், கையில் கிரீஸோடு,
அவன் பாதத்தைத் தட்டின்மேல் திருப்பி வைத்தேன்.
திரையில் மயிரிழை.
"தள்ளியிருக்கா?"
"இல்ல. கீறல்தான்."
கொஞ்ச நேரம் கழித்து,
"வண்டி?"
"அரை அங்குலம்."
உச்சுக் கொட்டினான், எனக்காக.

திரும்பி வந்தபோது
ஜெயினு அரத்தால் துளையை ராவி
முட்டை வடிவமாக்கி முடித்திருந்தான்.
எட்டு போல்ட்டும் இறங்கிவிட்டன.
கோணல் அப்படியே இருக்கிறது,
அதற்குத் தக்கபடி தொட்டியும் சற்றுத் திரும்பி.
பாதி முகத்துக்காரர் இன்னும் போகவில்லை.
ஒரு கண்ணை மூடிப் பார்த்து
"நேராத்தானே இருக்கு" என்றார்.

ஆளிவிதை எண்ணெய் காயாத பலகைமேல்
பத்திரிகைக் கட்டு.
அடிப் பத்திரிகையில் எண்ணெய் ஏறி
மணமகள் பெயர் பின்பக்கம் தெரிந்தது.
வண்டி ஏற்றிய முதல் சரக்கு
இறங்காமல் கிடக்கிறது.

அவன் கேட்டது மூன்றாவது குறுக்குத் தெரு.
இரட்டையருக்குத் தெரியும், முத்துவிஜயனுக்கும்.
சொல்ல
எங்கள் எல்லோருக்கும் மறந்துவிட்டது.