துருத்தி

பதினோரு நாள்.
உப்பு, கதவு, ஆட்டுக்குத் தீவனம்:
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை எங்கள் வீட்டில்.

தம்பியின் மீன்பண்ணைக்கு
வங்கியில் பிணை நின்றவன்
கையெழுத்துக் காய்ந்து மூன்று வாரமாகியும்
வாய் திறக்கவில்லை.
கடைக்காரி சொன்னாள்,
உருளைக்கிழங்கை நிறுத்துக்கொண்டே,
எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு.
ஃபேரோ தீவுகளின் டிசம்பரில்
பகல் என்பது
வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் உறவு.
ஒரே பாதையில்
இருபது அடி இடைவெளி விட்டு
கோயிலுக்கு நடந்தோம், நானும் ஹனுசும்.

கடல் படகை விடவில்லை.
படகு இல்லாததால் போதகர் இல்லை.
அதற்காகக் கோயிலைப் பூட்டும் வழக்கம் இங்கில்லை.
தபால்காரர் ஹாகுன்
பழைய பிரசங்கப் புத்தகத்தை எடுத்து
முகவரி வாசிப்பதுபோல வாசித்தார்.
கேட்டவர்கள் ஒன்பது பேர்.
நனைந்த கம்பளியின் வாடை.
நான் ஆர்கன் முன்னால், முதுகைக் காட்டி.

இரண்டாம் ஞானப்பாட்டின் நடுவில்
மின்சாரம் போயிற்று.
நீண்ட முனகலோடு சுருதி இறங்கி
ஆர்கன் அடங்கியது.
கட்டைகளின்மேல் கிடந்தன என் விரல்கள்,
யாருடையவோ போல.

பெஞ்சு கிறீச்சிட்டது.
திரும்பவில்லை நான்.
அந்த பூட்ஸின் நடை எனக்குத் தெரியாதா?
பின்பக்கப் பலகையைப் பெயர்க்கும் சத்தம்.
முப்பது வருஷமாக
எவரும் தொடாத துருத்தியின் கைப்பிடி.
அமுக்கினான்.
முதலில் தூசி.
பிறகு குழல்களுக்குள் மூச்சு.

நான் எந்தக் கட்டையை அழுத்தினாலும்
அவன் அங்கே குனிந்து நிமிர்ந்தால்தான் ஒலி.
அவன் எவ்வளவு குனிந்து நிமிர்ந்தாலும்
நான் அழுத்தாவிட்டால் வெறும் காற்று.
இது பெரிய தத்துவமாகத் தோன்றவில்லை அப்போது.
கோபம்தான் வந்தது,
இதற்கும் நீதானா என்று.

மூன்றாம் சரணம்.
பலகைக்கு அப்பால் அவன் இரைப்பு.
வலது தோள்:
எட்டு வருஷம் முன்பு வலைக்கயிறு கிழித்த இடம்,
இரவில் நான் தைலம் தேய்க்கும் இடம்,
பதினோரு இரவாகத் தேய்க்காத இடம்.
ஒவ்வோர் அமுக்கலின் முடிவிலும்
ஒரு சின்னத் தடுமாற்றம்.
சபைக்குக் கேட்காது.

சரணம் மாறும் இடைவெளியில்
இடது கையால்
இரண்டு குமிழ்களை உள்ளே தள்ளினேன்.
பெரிய குழல்கள் வாய் மூடின.
மிச்சமிருந்த மெல்லியதற்கு
கொஞ்சம் காற்று போதும்.
பாட்டு சிறுத்தது.
ஒன்பது பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்,
காரணம் தெரியாமல்,
ஆண்டவருக்காக என்று நினைத்து.
ஆண்டவருக்காகவும்தான்.

பிறகு ஜெபம்.
ஆர்கனுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.
எல்லாரும் சேர்ந்து சொல்லும் அந்த ஜெபத்தில்
கடன் என்ற சொல் வரும் இடத்தில்
அவன் குரல் நின்றது.
என் குரலும்.
மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.
ஆமென் சொல்லும்போதுதான்
மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டோம்.

திரும்பும்போது இருபது அடி இல்லை.
எதிர்காற்றுக்கு
ஒருவர் தோளில் ஒருவர் ஒதுங்கித்தான் நடக்க முடியும்.
"ரெண்டு குமிழை அடைச்சிட்டே" என்றான்.
"தோள்" என்றேன்.

வங்கிக் கடிதம் செவ்வாய்க்கிழமை வரத்தான் வரும்.
ஹாகுன்தான் கொண்டுவருவார்.
பிணை பிணைதான்.
இந்தப் பாட்டில் அதற்குக் கழிவு ஒன்றும் இல்லை.

இரவும் மின்சாரம் வரவில்லை.
சட்டையைக் கழற்றி
அடுப்பருகே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்,
பக்கத்தில் தைலப் புட்டி.
தேய்த்தேன், வேண்டுமென்றே
கொஞ்சம் அழுத்தி.
"வலிக்குது."
"வலிக்கட்டும்."

பிறகு
வட்டி எவ்வளவு என்று கேட்டேன்.
சொன்னான்.