சல்லடையில் மிஞ்சியது

தை மாதம் கவுஞ்சியில்
ரப்பர் குழாய்க்குள் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும்.
வெயில் தொட்டு அது இளகி இறங்க எட்டு மணி.
எட்டே காலுக்கு நான் சாணி அலசுகிறேன்.

சிரிக்க வேண்டாம்.
மாட்டாஸ்பத்திரி தாட்சாயணி மேடம் கொடுத்த வேலை:
சொம்பு நிறையச் சாணி, ரவை சலிக்கும் சல்லடை,
தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அலசு,
மிஞ்சியதைப் பிழி, தராசில் வை,
நோட்டில் எழுது.

மிஞ்சியது வைக்கோல்.
விரல் நீளத்துக்குத் தாள், கணு, சோகை.
நெய்க்காரப்பட்டியில் ஏற்றி
கொண்டை ஊசி வளைவெல்லாம் வாடகை கொடுத்து
மேலே கொண்டுவந்தது
நாலு வயிறு கடந்து
வாங்கியபடியே திரும்பி வந்திருக்கிறது.

மாட்டின் பெயர் நாப்பது.
வாங்கிய விலை அது, ஆயிரத்தில்.
பதினேழு இன்னும் பாக்கி.
நான் கூப்பிட்டாலும் திரும்பும்,
தவணை கேட்டு வருகிறவர் கூப்பிட்டாலும் திரும்பும்.

பனி விழுந்த மறுநாள்
மேட்டுப் புல் வெந்ததுபோல் படுத்துவிடும்.
பச்சை போன புல் வெறும் நார்.
கயிறு திரிக்கலாம்,
பால் கறக்க முடியாது.

அப்போதுதான் அந்தப் பழுப்புப் பொடி வந்தது.
நாளுக்குப் பதினைந்து கிராம்.
"மருந்தா மேடம்?"
"இல்லக்கா, நொதி. பூஞ்சணத்தைத் தவிட்டுல வளர்த்து எடுக்கிறது.
நாரோட முடிச்சை அவிழ்த்து விடும்.
மிச்சத்தை வயித்துல குடியிருக்கிற கிருமி பாத்துக்கும்."
பூஞ்சணம் பிடித்ததென்று போன வாரம்தான்
அரை ரொட்டியை வீசியிருந்தேன்.

முதல் வாரம் நாற்பத்தெட்டு கிராம்.
இரண்டாம் வாரம் நாற்பத்தெட்டு.
மூன்றாம் வாரம் நாற்பத்தொன்பது.
பால் நாலரை, நாலரை, நாலேகால்.
"அந்தக் காசுக்குப் பூண்டுக்கு உரம் போட்டிருக்கலாம்"
என்றார் மாசிலாமணி, சட்டியைப் பார்த்துக்கொண்டே.

மேடம் வந்தார். எப்படிக் கொடுக்கிறாய் என்றார்.
பெருமையாகத்தான் சொன்னேன்:
நாலு மணிக்கு எழுந்து, குருணையும் தவிடும் கொதிக்கவிட்டு,
கொப்புளம் வரும்போது பொடியைத் தூவிக் கிண்டி,
ஆவி பறக்கக் கொண்டுபோய் வைக்கிறேன்,
இந்தக் குளிரில் அதுவும் ஓர் உயிர்தானே.

மேடம் கொஞ்ச நேரம் நாப்பதையே பார்த்தார்.
"அறுபது டிகிரி தாண்டினா அதோட வேலை முடிஞ்சுதுக்கா."

இருபத்தொரு நாள்
செத்ததைத்தான் ஊட்டியிருக்கிறேன்.
அத்தனை பிரியத்தோடு.

அன்று இரவு தோசை மாவுப் பாத்திரத்தைக்
கம்பளியில் சுற்றும்போது கை நின்றது.
குளிரில் மாவு பொங்காது, சுற்றி வைக்கிறேன்.
அடுப்பில் ஏற்றுவதில்லையே.
இந்தக் கைக்குத் தெரிந்தது
அந்தக் கைக்கு ஏன் தெரியாமல் போனது?

பிறகு வைக்கோலை நறுக்கினேன்.
பச்சைத் தண்ணீரில் பொடி கரைத்துத் தெளித்து,
சாக்கு மூடி, அரை மணி விட்டேன்.
கஞ்சி தனி. கஞ்சியை நிறுத்த மனசு வரவில்லை.

நாற்பத்தாறு. நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு.
முப்பத்தேழில் நின்றுவிட்டது.
பால் ஐந்து; ஒரே ஒரு நாள் ஐந்தேகால்.
பொடிக்கு ஆறு ரூபாய் போக
கையில் பன்னிரண்டு நிற்கிறது.
பதினேழாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தேன்.
நோட்டை மூடிவிட்டேன்.

கீழ்வீட்டு மகுடீஸ்வரியும் வாங்கிப் போட்டாள்.
ஓடைக்கரைப் பசும்புல்லும் கேரட் தழையும்
தின்கிற மாடு அவளுடையது.
ஒரு சொட்டு கூடவில்லை.
அவிழ்க்க அங்கே முடிச்சே இல்லை போல.
பொடியின் மீதியை எனக்கே விற்றாள்,
பாதி விலைக்கு இல்லை, முழு விலைக்கு.

இன்று காலை சல்லடையில்
ஒரு கணு, வெட்டினபடியே, முழுசாக.
"அது மரமாயிடுச்சு, எந்தப் பொடிக்கும் திறக்காது"
என்று மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.
நகத்தால் கீறிப் பார்த்தேன். திறக்கவில்லை.
முப்பத்தேழு கிராமையும்
பூண்டுப் பாத்தியில் கொட்டினேன்.
மண்ணுக்குத் தவணை கிடையாது.
மெதுவாகத் தின்னட்டும்.