மூன்றரை மில்லிமீட்டர்

ஸ்கிப்டனுக்கு வடக்கே, வியாழன் பின்னிரவு.
ஐந்து மணிவரை பாதை எங்களுடையது,
அதன்பின் ரயிலுடையது.

என் ஹெல்மெட் நீலம்.
நீலம் என்றால் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை,
இவள்மேல் ஒரு கண் இருக்கட்டும் என்று பொருள்.
மற்றவர்களுக்கு வெள்ளை.
இருட்டில் எல்லாம் ஒரே நிறம்தான்,
யாராவது டார்ச்சைத் திருப்பும்வரை.

பாயின்ட்டின் நாக்கு
பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிப் படுக்க வேண்டும்.
நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டை வைத்தால்
பூட்டு விழ வேண்டும்.
மூன்றரை வைத்தால் விழவே கூடாது.
விழுந்தால் அது பூட்டு அல்ல, பொய்.

குனிந்து வைப்பேன், விலகுவேன், கையைத் தூக்குவேன்.
மோட்டார் முனகும்.
நாக்கு தகட்டைத் தொட்டு நிற்கும்.
பூட்டு முட்டிப் பார்த்துவிட்டு
நுழைய மறுக்கும்.
அந்த மறுக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
இவ்வளவு சுத்தமாக "முடியாது" என்று சொல்ல
எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.

நாலு நாற்பது.
உவைஸ் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்கிறான்,
பட்டியலில் நான் டிக் அடிக்கிறேன்.
ஸ்பேனர் பெரியது. ஸ்பேனர் சிறியது.
கிரீஸ் பிரஷ், முடியில் பாதி உதிர்ந்தது.
மீட்டர். சுத்தியல். ஒன்றரைத் தகடு.
அவ்வளவுதான் என்று கொட்டாவி விட்டான்.
இருபத்து நான்கு.
பட்டியலில் இருபத்தைந்து.

விரல் நீளத் தகடு.
இதேபோல் இன்னொன்று வேனில் கிடக்கிறது.
டிக் அடித்திருந்தால் யாருக்குத் தெரியும்?
குளிரில் உவைஸ் கால் மாற்றி நின்றான்.
பேனா முனைக்கும் காகிதத்துக்கும் நடுவே
எவ்வளவு இருந்தது என்று அளக்க ஆளில்லை.
என் நாக்கு மேல் அண்ணத்தோடு ஒட்டிப் படுத்திருந்தது.
பிறகு எப்படியோ நகர்ந்தது:
"ஒன்று குறையுது."

ட்ரேசி மெட்காஃப் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
போனை எடுத்து சிக்னல்காரரிடம்
"எங்களுக்கு இன்னும் நேரம் வேண்டும்" என்றாள்,
பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பதுபோல.

ஐந்து பேர், உறைபனி பிடித்த ஜல்லியில் முழங்கால் போட்டு,
ஒரு கல், அடுத்த கல், அதன் அடியில் கல்.
கிடைத்தவை: ஒரு தோட்டா போன்ற பழைய போல்ட்,
சிகரெட் லைட்டர், ஆட்டு ரோமம்,
யாரோ ஒரு குழந்தையின் பல் க்ளிப்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள்
எங்களைப் பார்த்தபடி அசைபோட்டன.
தகடு இல்லை.
இரண்டு முறை நடந்து பார்த்து,
தண்டவாளத்தின் மேல் எதுவுமில்லை என்று கையெழுத்திட்டு,
பாதையைத் திருப்பிக் கொடுத்தோம்.

லீட்ஸுக்குப் போகும் முதல் வண்டி
பத்தொன்பது நிமிடம் தாமதம்.
தாமதத்துக்கு ஒரு குறியீடு உண்டு,
குறியீட்டுக்கு ஒரு தொகை உண்டு,
தொகைக்குப் பின்னால் ஒரு நீல ஹெல்மெட்.
வெளிச்சமான ஜன்னல்கள் கடந்துபோயின.
அத்தனை பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி மட்டும் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்,
கை நடுங்காமல்.
பாயின்ட் வண்டியை ஆட்டவில்லை என்று அர்த்தம்.
அதைப் பார்த்து எனக்கு ஏனோ அழுகை வந்தது.

வண்டவாளம் தண்டவாளம் ஏறும் என்பார்கள்.
என்னுடையது ஏறவில்லை.
கோட்டுப் பாக்கெட்டின் ஓட்டை வழியாக இறங்கி,
உள்துணிக்குள் படுத்து,
என்னோடு கீத்லி பஸ்ஸில் ஏறி,
என்னோடு மாடிப்படி ஏறி,
கட்டிலில் கோட்டோடு நான் விழுந்தபோது
தொடையில் குத்தியது.

எட்டு பத்துக்கு ட்ரேசியை அழைத்தேன்.
கெட்டில் கொதிப்பது கேட்டது.
அது கொதித்து முடித்து, 'டக்' என்று அணையும்வரை
அவள் எதுவும் பேசவில்லை.
"நாளைக்கு அதைக் கொண்டு வா," என்றாள்.
"வருவதற்கு முன்னால் ஊசி நூல் வாங்கு."

மதியம் எழுந்து தைத்தேன்.
கோணல் தையல், கறுப்பு நூல், ஆரஞ்சுக் கோட்டு.
முடித்துவிட்டு அந்தத் தகட்டையே எடுத்து
ஒவ்வொரு தையலுக்கும் நடுவே செருகிப் பார்த்தேன்.
நுழையவில்லை.
ஒன்றரையை வைத்துப் பார்க்கவில்லை.
அது பையில் இருக்கிறது,
டிக் அடிக்கப்பட்டு.