பத்துப் பொருத்தம்

கிண்டா தாண்டி ஏழாவது வளைவில்
லுவாமின் பின்சக்கரத்தில் மூன்று கம்பிகள் போயின.
ஒரு கல். அவ்வளவுதான்.
சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்றுக்கொண்டிருந்தவள்
வாளியை நகர்த்தி இடம் விட்டாள்.

எதிர்க்குழுவின் மெக்கானிக் ஸெராய்
வண்டியை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.
நிறுத்தினான்.
கூரையிலிருந்து ஒரு சக்கரத்தை உருவி,
“பத்துப் பல்வட்டம். உன்னுடையதும் பத்துதானே?”
பத்துதான்.
எண்ணிக்கையில் என்ன குறை.

அவள் கைப்பிடியில் இருந்தது இத்தாலிய நெம்பு.
ஒரு சொடுக்குக்குச் செயினை
நான்கு மில்லிமீட்டரும் சொச்சமும் நகர்த்தும்.
அவன் தந்த கேசட் ஜப்பானியது.
பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே
நான்குக்குச் சற்றே குறைவு.
வித்தியாசம்
மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு,
தபால் அட்டையின் கனம்.
அதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

நடுவில் இருக்கும்வரை தெரியவேயில்லை.
ஆறு, ஐந்து: வழுக்கிக்கொண்டு போனது.
நான்கில் ஒரு முணுமுணுப்பு.
மூன்றில் செயின் தொண்டையைக் கனைத்தது.
ஏற்றம் செங்குத்தாகி
பெரிய வட்டத்துக்கு, ஒன்றாவதுக்குப் போனபோது
சொச்சமெல்லாம் சேர்ந்து
வட்டியும் முதலுமாக வாசலில் நின்றது.
பல்லைப் பிடிக்கும், விடும்.
பிடிக்கும்,
கால் காற்றில் விழும்.

நான்குக்கே திரும்பினாள்.
அந்த முணுமுணுப்போடு
இருக்கையை விட்டெழுந்து மிதித்தாள்
நெஃபாசித்வரை, அங்கிருந்து மேகத்துக்குள்.
மூடுபனியில் முதுகுகள் கடந்து போயின.
ஒன்பதுவரை எண்ணினாள்.
பிறகு எண்ணுவதற்கு மூச்சு மிஞ்சவில்லை.
அஸ்மாராவில் பனைமர வீதியின் முடிவில்
யாரோ அவள் கையில் தண்ணீரைத் திணித்து
“பத்தொன்பது” என்றார்கள்.

லுவாம் பகலில் பல் கட்டுபவள்.
ஊராரின் மேல்தாடையும் கீழ்தாடையும்
மாக்கல் அச்சாக அவள் மேசையில் வரிசையாக இருக்கும்.
ஒரு கடைவாய்ப்பல் மயிரிழை உயர்ந்தாலும்
வாய் கண்டுபிடித்துவிடும்,
சோறு இறங்காது, தூக்கம் வராது,
மறுநாள் காலையில் கதவைத் தட்டுவார்கள்.
ஆகவே செவ்வாய்க்கிழமை
சக்கரத்தை வாங்க ஸெராய் வந்தபோது
அது அந்த மேசைமேல் கிடந்தது,
பத்தும் தனித்தனியாக, ஆணி கழற்றி.

“பத்து என்றாய்.”
“பத்து என்றுதான் சொன்னேன்.
பொருந்தும் என்று சொன்னேனா?”

அவள் பதில் சொல்லாமல்
ஒரு வெற்று வளையத்தை அவன் முன் வைத்தாள்.
சக்கரத்தின் குடம் பதினொன்றுக்கு வார்த்தது.
பத்தை மாட்டினால் ஆடும்.
ஆடாமலிருக்க, எல்லாவற்றுக்கும் பின்னால்
சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு
இந்த ஒரு வளையம்.
மைக்ரோமீட்டரில் பிடித்துக் காட்டினாள்:
ஒன்று புள்ளி எட்டு ஐந்து.

தக்காளிக் கூழ் டப்பா ஒன்றின் தகரம்,
அதைப் பிடித்தாள்:
புள்ளி இரண்டு.
பத்துப் பல்வட்டத்துக்கு ஒன்பது இடைவெளி.
ஒன்பது தகர வளையங்களை ஏற்கெனவே வெட்டியிருந்தாள்,
ஒன்றில் இன்னும் பாதித் தக்காளிப் படம் இருந்தது.

ஸெராய் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தான்.
உதடு அசைந்தது.
“ஐந்து நூறில் மிச்சமிருக்கிறதே?”
“அது என் கத்திரியின் பிசிறுக்கு.”

கோர்த்தார்கள். இறுக்கினார்கள்.
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்ட சைக்கிளில்
ஒன்றிலிருந்து பத்து, பத்திலிருந்து ஒன்று.
பக்கத்து வீட்டு வானொலி கேட்குமளவு
நிசப்தமாக ஓடியது.

“சரி, கொடு” என்று கை நீட்டினான்.
நீட்டிய கை பாதியில் நின்றது.
அவன் குழுவின் ஏழு சைக்கிளும் ஜப்பானியவை.
இந்தச் சக்கரம் இனி
அவற்றில் ஒன்றிலும் ஓடாது.

லுவாம் சிரிக்கவில்லை.
கீழே குனிந்து தகரத் துணுக்குகளைப் பெருக்கினாள்,
வெறுங்காலோடு நிற்கிறானே என்று.

எதையாவது எடுத்துப் போக வேண்டும் அல்லவா?
மிஞ்சிய அந்த வளையத்தை எடுத்தான்.
விரலுக்குப் பெரிது.
வளையலுக்குச் சிறிது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
செருப்பைத் தேடினான்.