ரசமட்டம்

வாங்கும்போதே வீட்டில் இரண்டு கட்சி.
நான் கம்ப்ரெஸர் கட்சி:
பன்னிரண்டு வோல்ட், எப்படிச் சாய்த்து நிறுத்தினாலும் குளிரும்.
பெனாட் கேஸ் கட்சி:
சத்தமில்லை, சுழலும் பாகமில்லை,
கட்டைவிரல் அளவு நீலச் சுடர் போதும்,
தீயை வைத்தே குளிரைச் செய்துவிடும் என்றான்.
நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதுதான்.
அது வெண்ணெயை உறையவைக்கும் என்றபோது
நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே வாங்கிவிட்டான்,
ட்வின் ஃபால்ஸில் யாரோ கழற்றிப் போட்டதை,
நூற்றெண்பது டாலருக்கு.

அளவெடுத்தது நான். டேப்பை மூன்று முறை இழுத்தேன்.
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்க மட்டும் மறந்தேன்.
இன்றுவரை ஒருவர் பால் எடுக்க
மற்றவர் படுக்கையில் ஏறி வழிவிட வேண்டும்.

டிரக்கின் முதுகில் வீடு.
ஆமைக்கு ஓடு மாதிரி என்கிறார்கள் பார்ப்பவர்கள்.
ஆமைக்கு ஓட்டுக்குள் முட்டை உருளாது.

எட்டாயிரத்து எழுநூறு அடி. ஏரிக்கரை.
இரண்டாம் நாள் சொரிசோவுக்கு வியர்த்திருந்தது.
ஐம்பத்தெட்டு என்றது தெர்மாமீட்டர்;
நாற்பதைத் தாண்டினால் பால் பிழைக்காது.

சாய்வாக நின்றால் இது வேலை செய்யாதாம்.
ஐஸ் தட்டில் ரசமட்டத்தை வைத்தேன்.
பந்தியில் இடம் கிடைக்காதவனைப் போல
ஓரமாய் ஒதுங்கி நின்றது குமிழி.
முன்சக்கரத்துக்கு ஒரு பலகை, பிறகு இன்னொன்று.
ஜன்னலில் இருந்த ஏரி போய்
கழிப்பறைக் கொட்டகை வந்தது.
குமிழி நடுவுக்கு வந்தது.
குளிர் வரவில்லை.

அடுப்பு எரிகிறது, ஆக கேஸ் இருக்கிறது.
பின்பக்கம் மூக்கை நுழைத்து முகர்ந்தேன்:
அம்மோனியா நெடி அடித்தால் அத்தோடு கதை முடிந்தது.
அடிக்கவில்லை.
எட்டிப் பார்த்தால் சுடர் மஞ்சளாய், சோம்பலாய்,
எழுந்திருக்க மனமில்லாதது போல.
மலைக்காற்று மெலிசு, அதனால்தான் என்றான் பெனாட்.
அவன் வீட்டு பாஸ்க் ஆட்காரர்கள் இதே மலையில்
இறைச்சியை இரவில் மரத்தில் கட்டி,
பகலில் கம்பளியில் சுருட்டி வைப்பார்களாம்.
"கம்பளியே வாங்கியிருக்கலாம், மலிவு" என்றேன்.
அன்றிரவு அதற்குமேல் பேச்சில்லை.

காலையில் வெளிக்கதவின் நான்கு திருகாணி.
ஒன்று புதருக்குள் விழுந்து இன்னும் அங்கேயே இருக்கிறது.
பர்னர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
உள்ளே பஞ்சு.
இல்லை, வலை. அதன் நடுவே
கடுகளவு சிலந்தி, கால்களை மடக்கிக்கொண்டு.
கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று கலக்கும் நாற்றம்
அதற்கு வா வா என்றிருக்கிறது.
புல்நுனியில் அதை இறக்கிவிட்டேன்.
குழாயைத் தேய்த்தது பெனாட்டின் பல்துலக்கியால்.
இதை அவனுக்கு நான் சொல்லப்போவதில்லை.

டிக், டிக், டிக்.
நீலம்.

ஆனாலும் இது குளிர ஓர் இரவு வேண்டும்.
அதற்குள் பால் போயிற்று, தயிர் போயிற்று.
சொரிசோ முழுவதையும் வாணலியில் போட்டோம்.
வாசனை பிடித்து வந்தார் பக்கத்து வண்டி ஓர்வில்,
கையில் வெதுவெதுப்பான ஆறு பீர்.
என் கட்சிக்காரர், புத்தம்புது கம்ப்ரெஸர்.
பைன் நிழலில் சோலார் பட்டினி கிடக்க,
பத்து புள்ளி நான்கு வோல்ட்டில் அது கையை விரித்துவிட்டதாம்.
பெனாட் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருப்பதற்கு அவன் பட்ட பாட்டை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை எழுந்து போய்த் திறந்தேன்.
முப்பத்தாறு.
உள்ளே அரை எலுமிச்சை,
எடுக்க மறந்த ரசமட்டம்,
தொட்டால் விரலில் ஒட்டுகிற குளிர்.
வாங்க ஒன்றுமில்லாத கடையில் நிற்பது போல
நின்றுகொண்டே இருந்தேன்.

"மூடு" என்றது படுக்கை.
"குளிரெல்லாம் போகுது."